நோய் ஒரு நிகழ்வு அல்ல

வாஷிங் மெஷின் மெக்கானிக் பயந்த சுபாவம் உள்ளவர் அல்ல. தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பிழைக்கிறவர் பயந்தால் அடுப்பு எரியுமா? இரண்டு முறை ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிச்ச வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நலக் காப்பீட்டுச் சேர்க்கை நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கியது.

காரணம் மனைவியின் கழுத்தில் இருந்தது. தலை துவட்டும்போது அவள்தான் கண்டுபிடித்தாள். இடது காதுக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி.

"எலும்பா இருக்கும்," என்றார் மெக்கானிக்.

"நேத்து இல்லாத எலும்பு இன்னிக்கு எப்படிங்க முளைக்கும்?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் தொட்ட விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.

தெருமுனை டாக்டர் தொட்டுப் பார்த்தார், இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். "எடுத்துப் பரிசோதனை பண்ணிடணும். தள்ளிப் போடாதீங்க," என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட மெக்கானிக்குக்குத் தைரியமாக இருந்திருக்கும். டாக்டர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தொகை சொன்னார்கள். வேனை விற்று, கடையை விற்று, மெக்கானிக்கையும் எடைக்குப் போட்டாலும் பாதி தேறாது. "காப்பீடு இருந்தா நீங்க கவலையே பட வேண்டாம் சார்," என்று அங்கிருந்த பெண் ஆறுதல் சொன்னாள். காப்பீடு இல்லை.

இல்லாமல் போனதற்கு மெக்கானிக்கின் வாய்தான் காரணம். கம்பெனியில் வேலை செய்கிறவர்களைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. சொந்தத் தொழில்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, நிலையம் கதவைத் திறந்துவைக்கும் சேர்க்கைக் காலத்தில், தாங்களே போய்ச் சேர வேண்டும். பிரீமியம் யானை விலை. வருமானம் குறைவானவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து அதைப் பூனை விலைக்கு இறக்கிவிடும். வருமானம் என்றால் போன வருஷத்து வருமானம் அல்ல. அது நடந்து முடிந்த சங்கதி, அதைக் கேட்க ஓர் அலுவலகம் எதற்கு? அடுத்த வருஷம் என்ன சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

"அது எத்தன மெஷின் கெட்டுப்போகுதுங்கறத பொறுத்ததுங்க," என்று சென்ற சேர்க்கைக் காலத்தில் மெக்கானிக் சொன்னார்.

"எத்தன கெட்டுப்போகும்?"

"அது மெஷினுக்குத்தாங்க தெரியும்."

சேர்க்கை அலுவலர் அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குத் தன்னோட சம்பாத்தியமே தெரியாதா?"

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. மைத்துனன் விசாரித்தால் சொல்லுகிற தொகையை எடுத்து மேஜைமேல் போட்டார். அலுவலர் மரியாதையாக எழுந்து நின்று கைகொடுத்தார். மானியம் அந்த நிமிஷமே காணாமல் போயிற்று. குறைத்துச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, அது பொய் வாக்குமூலமாகிவிடும், முதலில் சொன்ன பொய்தான் செல்லும் என்று விளக்கினார்கள். சரி, நமக்கென்ன நோயா நொடியா, பிள்ளையா குட்டியா, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் வீடு திரும்பினார்கள். வழியில் ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டார்கள்.

இப்போது மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார். நிலையத்தின் கூடம் பளபளவென்று இருந்தது. நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு வழிகாட்டி அம்மா. கனிவான முகம். அவர் மேஜையில் 'உங்கள் நலமே எங்கள் கவலை' என்று ஒரு பலகை, நலம் பக்கம் அவரையும் கவலை பக்கம் வந்தவர்களையும் பார்த்தபடி இருந்தது.

"சேர்க்கை முடிஞ்சிடுச்சுங்களே," என்றார் வழிகாட்டி அம்மா. "அடுத்த சேர்க்கைக்கு வாங்க. பெரிய பந்தல் போடப் போறோம்."

"அதுவரைக்கும் இந்தக் கட்டி சும்மா இருக்குமாம்மா?"

"அது மருத்துவம் சம்பந்தப்பட்ட கேள்விங்க. நாங்க காப்பீடு."

"நடுவுல சேரவே வழியில்லையா?"

"ஏன் இல்ல? வாழ்க்கை மாற்ற நிகழ்வு ஏதாவது இருந்தா இன்னிக்கே சேந்துடலாமே!"

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இருக்கும்மா. என் மனைவிக்குக் கழுத்துல கட்டி. ஒரு வாரமா எங்க வாழ்க்கையே மாறிப்போச்சு. சோறு இறங்கல, தூக்கம் இல்ல."

வழிகாட்டி அம்மா உச்சுக்கொட்டினார். உண்மையிலேயே வருந்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். "நோய் வாழ்க்கை மாற்ற நிகழ்வு இல்லீங்க. கல்யாணம், பிரசவம், வேலை போறது, விவாகரத்து, மரணம். இவ்வளவுதான்."

"நோய ஏம்மா சேக்கல?"

"நோய சேத்துட்டா நோயாளிங்கல்லாம் வந்துடுவாங்களே."

மெக்கானிக் பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கல்யாணம் முன்பே ஆகிவிட்டது. பிரசவம் இனி இல்லை. வேலை போவது என்றால், தன்னைத் தானே வேலையைவிட்டு நீக்கிக்கொள்வது செல்லாது.

"மரணம்னா?" என்று கேட்டார்.

"உங்கள்ல ஒருத்தர் போயிட்டா மத்தவங்க சேரலாம். உதாரணத்துக்கு நீங்க தவறிட்டீங்கன்னு வைங்க, அம்மா உடனே சேந்துடலாம். வரிசைகூட இல்ல."

கணக்குப் போடுகிறவர்போல மெக்கானிக்கின் கண் மேஜையில் நிலைத்துவிட்டது. அவர் என்ன யோசிக்கிறார் என்று மனைவிக்குப் புரிந்தது. அவள் அவர் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க," என்றாள், "எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

கூடத்துச் சுவரில் ஒரு டிவி இருந்தது. அதில் நிலையத்தின் தலைமை இயக்குநர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, மணிக்கு ஒரு முறை ஓடும்; அப்போதுதான் ஆரம்பித்தது. எழுந்த இருவரும் அதைக் கேட்டபடி நிற்க வேண்டியதாயிற்று. பேச்சு ஓடும்போது உட்கார்ந்தாலும் நடந்தாலும் காவலாளி உறுமினார்.

"நண்பர்களே," என்றார் இயக்குநர், "நம்மைப் பார்த்து, நோய் வந்த பிறகு கேட்டால் ஏன் தர மறுக்கிறீர்கள் என்கிறார்கள். மழை வந்த பிறகு குடை கேட்பதா? குடை என்பது வெயில் காலத்தில் வாங்கி, வீட்டில் பத்திரமாக மாட்டி வைக்க வேண்டிய பொருள். எங்களிடம் லட்சக்கணக்கான குடைகள் உள்ளன. ஒன்றுகூட நனையவில்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு அறிவிக்கிறேன்!" கைதட்டல். "இந்த ஆண்டின் சிறந்த உறுப்பினர் விருது, தொடர்ந்து பிரீமியம் கட்டி, ஒரு தலைவலி மாத்திரைகூட நம்மிடம் கேட்காத பெருந்தகைக்கு வழங்கப்படுகிறது. அவர் இறந்துவிட்டார். அதையும் நமக்குச் செலவில்லாமல் செய்தார். அவர் சார்பில் நானே பெற்றுக்கொள்கிறேன்."

பேச்சு முடிந்ததும் வழிகாட்டி அம்மா அவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பட்டியல்ல இன்னொண்ணு இருக்கே, கவனிச்சீங்களா? விவாகரத்து. பண்ணிட்டா அம்மா தனி ஆள். தனி ஆளா இன்னிக்கே சேரலாம். இங்கேயே பண்ணித் தர்றோம், மூணாவது கவுண்டர். எல்லாச் சேவையும் ஒரே கூரைக்குக் கீழ."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி மூன்றாவது கவுண்டரைப் பார்த்தாள். அங்கே கைகோத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஜோடிகளைப் பார்த்தால் ஏதோ சினிமாவுக்கு டிக்கெட் எடுக்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. பக்கத்து இரண்டாவது கவுண்டரில் கல்யாணம். அங்கே ஈ காக்கை இல்லை.

அவர்கள் முறை வந்தது. கவுண்டர்க்காரர் தலை நிமிராமல், "வீட்டுக்காரர் மேல மூணு குறை சொல்லுங்கம்மா," என்றார்.

"அவர் நல்லவருங்க."

"அப்படின்னா தள்ளுபடி. அடுத்த ஆள் வாங்க."

"இருங்க இருங்க," என்று பதறிய மெக்கானிக், "சொல்லும்மா, ஏதாவது சொல்லு," என்று மனைவியின் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவார் என்றாள். கவுண்டர்க்காரர் எழுதவில்லை. கிரீஸ் கையோடு சாப்பிட உட்காருவார் என்றாள். கவுண்டர்க்காரர் கொட்டாவி விட்டார். மூச்சை இழுத்துக்கொண்டாள். தன் தங்கையின் கல்யாணத்தன்று மெஷின் பார்க்கப் போய்விட்டு எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வந்ததைச் சொன்னாள். பிள்ளை இல்லை என்று யாராவது குத்திப் பேசினால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார், தான் மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவளை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. கவுண்டர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். மெக்கானிக் அவள் வாயையே பார்த்தார். நடிக்கிறாளா, இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததா என்று தெரியவில்லை.

"பிரமாதம்," என்றார் கவுண்டர்க்காரர். "இப்ப நீங்க, சார்."

மெக்கானிக் யோசித்தார், யோசித்தார். "சத்தமாத் தும்முவாங்க," என்றார்.

அதுவே போதும் என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

முன்னாள் மனைவியாகிவிட்டவள் வழிகாட்டி அம்மாவிடம் திரும்பி வந்தாள். அம்மா எழுந்து, "வாழ்த்துகள்," என்று சாக்லேட் கொடுத்தார். பிறகு கணினியைத் தட்டினார். அடுத்த வருஷம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று கேட்டார்.

"நான் எங்கம்மா சம்பாதிக்கறேன்? இவர் கடைக்கு வர்ற போனை எடுத்துப் பேசுவேன். அவ்வளவுதான்."

"அப்போ மானியம் வராதே."

"ஒண்ணும் இல்லாதவளுக்கு அதிகமாத்தானே வரணும்?"

"மானியம் ஏழைங்களுக்கு இல்லம்மா, கொஞ்சம் ஏழைங்களுக்கு. சுத்தமா ஏழைங்களுக்குன்னு தனித் துறை வரப்போகுது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு." வழிகாட்டி அம்மா இரண்டு விரலுக்கு நடுவே ஓர் இடைவெளி காட்டினார். "நீங்க இந்தச் சந்துக்குள்ள சம்பாதிக்கணும். கீழ இறங்கினா மானியம் இல்ல. மேல போனாலும் இல்ல. வருஷக் கடைசியில சந்தைத் தாண்டியிருந்தீங்கன்னா, குடுத்ததைத் திருப்பி வாங்கிடுவோம்."

ஆகவே மெக்கானிக் தன் முன்னாள் மனைவியை அந்த மேஜையிலேயே வேலைக்கு அமர்த்தினார். போன் எடுப்பதற்குச் சம்பளம். அவர் தன் வாழ்நாளில் வீட்டுக்குக் கொண்டுவராத தொகையை அவளுக்கு மாதாமாதம் தருவதாக ஒப்புக்கொண்டார். ஊரிலுள்ள மெஷின்கள் எல்லாம் பழுதானால்தான் அது நடக்கும். நாலு பேர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதரை, நாலு பேர் வீட்டில் மோட்டார் புகைய வேண்டும் என்று நினைக்க வைத்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? தாமிரத் திட்டம், வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம் என்று மூன்று. தாமிரம் மலிவு, ஆனால் கழுத்துக்குக் கீழேதான் செல்லும். தலைக்கு வெள்ளி. தங்கம் எதற்கு என்று கேட்டதற்கு, அது நிலையத்து ஊழியர்களுக்கு என்றார்கள். கட்டி சரியாக எல்லையில் இருந்தது. வழிகாட்டி அம்மா டேப்பை எடுத்து அளந்தார், திருப்தியில்லாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு அதிகாரிகளின் விரல்கள் கழுத்தில் ஊர, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியின் பெரும்பான்மை தலைப் பக்கமே சாய்வதாகத் தீர்ப்பாயிற்று. வெள்ளி.

"கார்டு வந்ததும் எல்லாச் செலவும் நீங்க பாத்துக்குவீங்கல்லம்மா?" என்றார் மெக்கானிக்.

"கண்டிப்பா. ஆரம்பத்துல ஒரு தொகை வரைக்கும் மட்டும் உங்க கைக்காசு. அதுக்குப் பேரு தன்மானத் தொகை. முழுசும் நாங்களே குடுத்துட்டா உங்க தன்மானம் என்னங்க ஆகும்?"

தன்மானத்துக்காக வேனை விற்றார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வேலை பார்த்தார்.

விவாகரத்தானவர்கள் ஒரே வீட்டில் இருக்க முடியாது. மெக்கானிக் கடைக்குக் குடிபெயர்ந்தார். திறந்து கிடந்த மெஷின்களுக்கு நடுவே பாயை விரித்தார். அங்கேதான் சரிபார்ப்பு அலுவலர் முதல் தடவையாக வந்தார். காப்பீட்டுக்காகப் பொய்யாகப் பிரிந்தவர்களைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒல்லியான, அமைதியான மனிதர். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அவர் உள்ளே வந்து நின்றதே தெரியவில்லை. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டதில் ஸ்பானர் கையிலிருந்து நழுவியது.

"பயப்படாதீங்க. உண்மையா வெறுக்கறவங்களுக்கு எங்களால ஒரு தொந்தரவும் இல்ல," என்றார் அலுவலர். ஒவ்வொரு மெஷினாகத் திறந்து உள்ளே கையைவிட்டுத் துழாவினார். ஒன்றிலிருந்து பூப்போட்ட புடவை வந்தது. "இது யாருது?"

"வாடிக்கையாளர் புடவைங்க."

அலுவலர் அதை முகர்ந்து பார்த்தார். உண்மையில் அது வாடிக்கையாளர் புடவைதான். ஆனாலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்போல மெக்கானிக் அதன் ரசீதைத் தேடினார்.

"அவங்கள கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பிரிஞ்ச அன்னிக்குங்க."

"பாக்கணும்னு தோணுதா?"

"இல்லீங்க."

"நல்லது. தோணினா எங்களுக்குச் சொல்லிடுங்க. அதுக்கு ஒரு தனிப் படிவம் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி, அப்புறம், எப்ப வேணும்னாலும் சரிபார்ப்போம். நீங்க சேந்திருக்கறது தெரிஞ்சா கார்டு ரத்து. அதுவரைக்கும் ஆன செலவு மொத்தமும் அவங்க தலைமேல." போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "உங்க தும்மல் விஷயம் படிச்சேன். கொஞ்சம் பலவீனமா இருக்கு. வேற ஏதாவது ஞாபகம் வந்தா சேத்துக்கலாம்."

அன்றிலிருந்து மெக்கானிக் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டார். அவள் குரலைக் கேட்க ஒரே வழி கடைப் போன்தான். கடைக்கு வரும் அழைப்புகளை அவள் வீட்டில் எடுப்பாள், பிறகு அவரைக் கூப்பிட்டு முகவரிகளைச் சொல்வாள். அழைப்பு தொடங்கும்போதே நிலையத்தின் பெண்குரல் ஒன்று, 'உங்கள் நலன் கருதி இந்த உரையாடல் பதிவுசெய்யப்படுகிறது' என்று சொல்லும். அதற்குப் பிறகு முகவரி. தண்ணீர் இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை, ஆடுகிறது, நிற்கிறது. வலிக்கிறதா, சாப்பிட்டாயா, ராத்திரி தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறதா என்று ஒன்றும் கேட்க முடியவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் மூச்சுவிடுவார்கள். மூச்சு பதிவானால் குற்றமா என்று தெரியாததால் பிறகு அதையும் குறைத்துக்கொண்டார்கள்.

கார்டு வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதையும் அவள் ஒரு முகவரி சொல்லுகிற மாதிரியே சொன்னாள்.

கணவனாகப் போக முடியாது. நண்பனாகப் போக முடியாது. வெறுக்கிறவன் ஆஸ்பத்திரி வாசலில் எதற்கு நிற்கிறான் என்று யாராவது கேட்டால் போச்சு. ஆனால் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் மெக்கானிக்கின் பழைய வாடிக்கையாளர். விஷயத்தைக் கேட்டு, "நம்ம டிரையர் கெட்டுப்போயிடுச்சு, வாங்க," என்று சொல்லிவிட்டார். டிரையர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதன் முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற மெஷினைக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றினார். மேலே இருந்து அழுக்குத் துணி வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஆபரேஷன் அறையின் பச்சைத் துணியில் ரத்தம் இருந்தால், இது யாருடையதோ என்று அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெல்ட்டை எந்தப் பக்கம் போடுவது என்பதே மறந்துபோயிற்று.

"வெளியே கொண்டுவந்துட்டாங்களாம்," என்று மேற்பார்வையாளர் காதில் சொன்னார். "மயக்கம் தெளியற வார்டு. பக்கத்து அறையில ஒரு சின்ன மெஷின் இருக்கு. அதப் பாக்கற மாதிரி போங்க."

போனார். சின்ன அறை, அதற்கும் வார்டுக்கும் நடுவே பாதி திறந்த கதவு. அந்த வழியாக அவள் காலும் போர்வையும் கழுத்துக் கட்டும் தெரிந்தன. உயிரோடு இருக்கிறாள். மெக்கானிக் மெஷினைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

சரிபார்ப்பு அலுவலர் நர்ஸிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "மயக்கம் தெளியற நேரம் இருக்கே, அப்ப மனுஷன் பொய் சொல்லவே மாட்டான் சிஸ்டர். எங்க நிலையம் கண்டுபிடிச்ச முறை இது. போன மாசம் ஒரு அம்மா, கண்ணத் தொறந்ததும் விவாகரத்தான வீட்டுக்காரர எங்கேன்னு கேட்டாங்க. அந்த இடத்துலயே கார்டை ரத்து பண்ணினோம். தையல் பாதிதான் போட்டிருந்துச்சு. மீதிய அவங்க சொந்தச் செலவுல போட்டுக்கிட்டாங்க."

நர்ஸ் சலைன் பாட்டிலைச் சரிசெய்தாள்.

டாக்டர் வந்தார். சுற்றும் பார்த்தார். ஸ்டூலில் இருந்தவரைத் தவிர யாரும் இல்லை. "நீங்கதான் இவங்களுக்கு நெருங்கின சொந்தமா?"

"ஒரு வகையில," என்றார் அலுவலர்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சு. பாக்கறதுக்குக் கெட்ட கட்டி மாதிரி தெரியல. பரிசோதனை முடிவு வரட்டும், ஆனா நீங்க தைரியமா இருக்கலாம்."

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றார் அலுவலர், தைரியமாக.

கதவுக்குப் பின்னால் மெக்கானிக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை வந்தது. அழுதால் கேட்கும். அதற்குள் கட்டிலில் அசைவு. அவள் முனகினாள், இமை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அலுவலர் சின்ன ரெக்கார்டரை அவள் தலையணையோரம் வைத்துக் குனிந்தார்.

"அம்மா, கேக்குதா? பக்கத்துல யார் இருக்கணும்னு தோணுது?"

மெக்கானிக் கதவிடுக்கில் முகத்தை ஒட்டினார். தன்னைக் கூப்பிட்டுவிடுவாள். தூக்கத்தில்கூட அவள் கை அவரைத் தேடாமல் இருந்த நாளில்லை. கூப்பிட்டுவிட்டால் கார்டு போச்சு, வீடு போச்சு, மீதி வைத்தியம் போச்சு. கூப்பிடாதே, கூப்பிடாதே என்று மனசுக்குள் கதறினார்.

"யாருமில்ல," என்றாள்.

"வீட்டுக்காரர்?"

"எனக்கு யாருமில்ல." நாக்குக் குழறியது, ஆனால் தடுமாற்றம் இல்லை. "அந்த ஆள் இருந்ததும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

அலுவலர் ரெக்கார்டரை அணைத்தார். அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது போலிருந்தது. "உண்மையான விவாகரத்து, சிஸ்டர்," என்றார். "இப்பல்லாம் அபூர்வம்." ஸ்டூலைச் சுவரோரம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். நர்ஸும் அடுத்த வார்டுக்குப் போனாள்.

மெக்கானிக்குக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அலுவலர் சொன்னது உறைத்தது. அந்த நேரத்தில் மனுஷன் பொய் சொல்லவே மாட்டான். அப்படியானால்? மூன்றாவது கவுண்டரில் சொன்னதெல்லாம்? கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனார். அவள் விழித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேராக அவரைப் பார்த்தாள்.

"நான்தாம்மா," என்று கிசுகிசுத்தார்.

"யாருங்க நீங்க?" என்றாள் அவள். "மெஷின் அந்தப் பக்கம்."

"அந்த ஆள் போயாச்சு. யாருமில்லம்மா, நான் மட்டுந்தான்."

"எனக்கு உங்களத் தெரியாதுங்க. வேலைய முடிச்சுட்டுக் கிளம்புங்க."

மருந்து மயக்கம்தான் பேசுகிறது என்று நினைத்தார். அவள் கண்களைக் கவனித்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது. கண் தெளிவாக இருந்தது. அது காலி ஸ்டூலுக்குப் போயிற்று, அங்கிருந்து திரைச்சீலைக்கு, பிறகு கூரை விளக்குக்கு, பிறகு அவள் தலையணைக்குள்ளேயே ஏதோ வைத்திருக்கிறார்களா என்பதுபோல ஓரத்துக்கு வந்தது. தனக்கும் அவருக்கும் நடுவே யாருமில்லை என்று அவளால் நம்ப முடியவில்லை. இனி எந்த அறையிலும் அவளால் நம்ப முடியாது.

தொடப் போன கையை மெக்கானிக் பின்னால் இழுத்துக்கொண்டார். அவரும் ஒருமுறை திரும்பித் திரைச்சீலையைப் பார்த்தார்.

"சரிங்கம்மா," என்றார், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாக. "பழுத எடுத்தாச்சு. இனி ஒண்ணும் பயமில்லங்க."

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் அவள், ஒரு வாடிக்கையாளரைப் போல.

"இருக்கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்."

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நடையில் கூட்டமாக இருந்தது, அவரை யாரும் கவனிக்கவில்லை. லிப்ட் வரைக்கும் வந்த பிறகுதான், தன் குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை, அசல் வேற்று ஆளின் குரலாகவே இருந்தது என்பது ஞாபகம் வந்து, அவருக்குக் கைகால் நடுங்கத் தொடங்கியது.